போனை மாற்றுவதா, வைத்திருப்பதா: வன்னியில் வேகத்தின் கணக்கு

வன்னியில் ஒரு போன் "ஸ்லோ" ஆகிவிட்டது என்று சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு குறைகள் இருக்கக்கூடும். ரவரிலிருந்து வரும் சிக்னல் வலுக்குறைந்திருக்கலாம், சேமிப்பகம் நிரம்பியிருக்கலாம், பற்றரி மூப்படைந்திருக்கலாம், செயலிகள் கேட்கும் வேலைக்கு உள்ளிருக்கும் சிப் ஈடுகொடுக்க முடியாமலிருக்கலாம். கடைசிக் குறைக்கு மட்டுமே புதிய மொடல் நேரடியான மருந்து. முதலாவதைப் புதிய போன் பெரும்பாலும் தீர்ப்பதில்லை. நடுவிலுள்ள இரண்டும் குறைந்த செலவில் தீர்பவை. ஆகவே புதிய, வேகமான போனுக்கு மாறுவதா என்ற கேள்வி, தாமதம் எங்கே பிறக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் குடிப்பரம்பலும் வெயிலும் வருமானம் வரும் காலமும் இக்கேள்விக்குக் கொழும்பில் கிடைக்கும் விடையிலிருந்து வேறான விடையைத் தருகின்றன.

போன் வந்த வழி

இலங்கையின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது. 3ஜி 2006இலும் 4ஜி 2013இலும் வந்தன. வன்னியின் காலக்கணக்கு வேறு. போர்க்காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே தேசிய மின்விநியோகம் எட்டவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு திறந்த ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இந்த இடைப்பட்ட மீள்குடியேற்ற ஆண்டுகளில்தான் காடு வெட்டித் திருத்திய காணிகளுக்கு நடுவே ரவர்கள் பரவலாக எழுந்தன.

தெற்கில் இருபது ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்த மாற்றம் இங்கு சில ஆண்டுகளுக்குள் நடந்தேறியது. பல வீடுகளில் கம்பித் தொலைபேசி ஒருபோதும் இருந்ததில்லை. முதல் தொலைபேசியே கையடக்கம். அதுவே பின்னர் அந்த வீட்டின் முதல் கமராவும் முதல் கணினியும் ஆனது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பிலும் ஸூமிலும் நடந்தபோது, இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே போனை முறைவைத்துப் பாவிக்க வேண்டியிருந்தது. கணினி செய்யவேண்டிய வேலையையும் போனே சுமப்பதால், அதன் வேகக் குறைவு வன்னி வீடுகளில் உடனடியாக உறைக்கிறது.

முதற் குறை: ரவரும் தூரமும்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர் வாழ்ந்தனர். அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 2,400 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு 40 பேருக்கும் குறைவு. கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றரில் 3,400 பேர் வரை இருந்தனர். தொலைபேசி நிறுவனம் ஒவ்வொரு ரவரையும் அதைப் பாவிக்கப்போகும் ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே நடுகிறது. ஆட்கள் ஐதாக வாழும் துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பகுதிகளில் ரவர்கள் தூரத்தூர நிற்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

தூரம் இரட்டித்தால், தடையற்ற வெளியில்கூடப் போனை வந்தடையும் சிக்னலின் வலு நான்கிலொன்றாகக் குறையும். நடுவே பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு இருந்தால் இழப்பு இன்னும் கூடும். அலைவரிசையும் இதில் பங்கெடுக்கிறது. இலங்கை வலையமைப்புகள் பாவிப்பவற்றுள் 900 மெகாஹேர்ட்ஸ் அலைகள் தூரம் செல்லும். 1800 மெகாஹேர்ட்ஸ் அலைகள் அதே வலுவில் அவ்வளவு தூரம் எட்டா. வீட்டுக்குள் அழைப்பு கிடைத்தும் இணையம் தவழ்வதற்கு இது ஒரு காரணம். ஒரு ரவரின் கொள்ளளவை அந்த நேரத்தில் இணைந்திருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதால், காலையில் ஓடும் காணொளி இரவு எட்டு மணிக்கு நின்று நின்று ஓடுகிறது.

நாளாந்த வேலைகளுக்குத் தேவையான வேகமோ பெரிதன்று. குழுவாக நடக்கும் ஸூம் வகுப்புக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் போதும். உயர்தரக் காணொளி பார்க்க 5 மெகாபிட் போதும். நாலைந்து வருடப் பழைய 4ஜி போனே இதைவிடப் பலமடங்கு வேகத்தைக் கையாளும். ரவரிலிருந்து அந்த வேகம் வராத இடத்தில் 5ஜி என்று பெட்டியில் அச்சிட்ட போனும் அதே அரைகுறைச் சிக்னலையே பெறும். புதிய போன்களில் அன்டெனாக்கள் கூடுதலாக இருப்பதாலும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவரிசைகளை இணைத்துப் பெறுவதாலும் ஓரளவு முன்னேற்றம் தெரியலாம். 3ஜி மட்டுமே உள்ள பழைய போனிலிருந்து மாறுபவருக்கே பெரிய வேறுபாடு புலப்படும்.

குறை ரவரிலா போனிலா என்று அறிய எளிய சோதனை உண்டு. போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, கமராவையும் படத் தொகுப்பையும் திறந்து பார்க்க வேண்டும். இணையமே இல்லாத நிலையிலும் அவை இழுபட்டால் குறை போனுக்குள் இருக்கிறது. அவை தடையின்றித் திறந்தால் குறை வலையமைப்பில் இருக்கிறது. இரண்டாவது நிலையில், அதே இடத்தில் அதே நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பது புதிய போனைவிட எத்தனையோ மடங்கு மலிவான பரிகாரம்.

இரண்டாம் குறை: நிரம்பிய சேமிப்பகம்

போனின் சேமிப்பகம் பிளாஷ் என்னும் மின்னணு நினைவகத்தால் ஆனது. அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தில் நேராக மேலெழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்துவிட்டே புதிதாக எழுத வேண்டும். வெற்றிடம் நிறைய இருக்கும்வரை இந்த அழிப்பு வேலை பின்னணியில் சத்தமின்றி நடக்கும். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியதும், எழுதும் ஒவ்வொரு தடவையும் இடந்தேட வேண்டிவருகிறது. போன் தொங்குகிறது.

வன்னி வீடுகளில் சேமிப்பகத்தை நிரப்புவது பெரும்பாலும் வட்ஸ்அப். கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்கும் உறவினரின் குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு, வகுப்புக் குழு என ஒவ்வொன்றிலும் வரும் காலை வணக்கப் படங்களும் கலியாணக் காணொளிகளும் தானாகவே இறங்கிச் சேர்கின்றன. 32 ஜிபி போன் ஓரிரு வருடங்களில் நிரம்புவதற்கு இவையே போதும். தானியங்கித் தரவிறக்கத்தை நிறுத்துவதும், பழைய காணொளிகளை அழிப்பதும், தேவையானவற்றைக் கணினிக்கோ மெமரி காட்டுக்கோ மாற்றுவதும் செலவில்லாத வைத்தியங்கள். அதற்கும் சரிவராவிட்டால், தரவுகளைப் பத்திரப்படுத்திவிட்டுத் தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்கலாம். இதன் பின்பு போன் சுறுசுறுப்படைந்தால், புதியது வாங்கும் தேவை ஒன்றிரண்டு வருடங்கள் தள்ளிப்போகும்.

இடைக்கால நினைவகமான ராமின் நிலை வேறு. அதைப் பின்னர் கூட்ட முடியாது. 2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13இன் இலகு பதிப்புக்கே 2 ஜிபி ராம் வேண்டும் என கூகுள் நிர்ணயித்தது. அந்த 2 ஜிபியோடு மட்டும் வாழும் போனில் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது முதலாவது செயலி அடிக்கடி நினைவிலிருந்து நீக்கப்படுகிறது. இந்தத் தாமதத்துக்குத் துடைப்பதும் அழிப்பதும் பயன்தராது.

மூன்றாம் குறை: பற்றரியும் வெயிலும்

லிதியம் அயன் பற்றரி இரசாயனப் பொருள்; பாவிக்கப் பாவிக்கத் தேயும். பழைய ஐபோன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளின் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என ஆப்பிள் கூறுகிறது. 2023இல் வந்த ஐபோன் 15இலிருந்து அந்த எண்ணிக்கை 1,000. வெப்பம் இந்தத் தேய்வை விரைவுபடுத்துகிறது. ஆப்பிள் தன் போன்களுக்குப் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலையின் மேலெல்லை 35 பாகை செல்சியஸ். சிறுபோக மாதங்களில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நண்பகல் வெப்பம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தொடுகிறது. தகரக் கூரையின் கீழும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் அது எல்லையைக் கடந்துவிடுகிறது.

ரவரின் தூரம் இங்கே மறுபடியும் வருகிறது. ரவர் தொலைவில் இருந்தால் போன் தன் குரலை எட்டவைக்க அதிக வலுவில் அலை பரப்பும். சிக்னலைத் தேடித் தேடியும் மின்சாரத்தைச் செலவிடும். நகரத்தில் இரண்டு நாள் தாங்கும் அதே போன் காட்டோரக் கிராமத்தில் ஒரு நாளில் இறங்கிவிடுகிறது. அங்கு சார்ஜ் சுற்றுகளும் விரைவில் கூடுவதால் பற்றரி முன்கூட்டியே மூப்படைகிறது.

தேய்ந்த பற்றரி போனின் வேகத்தையே குறைக்கக்கூடும் என்பது 2017இல் உலகறியத் தெரியவந்தது. பழைய பற்றரி கொண்ட ஐபோன்கள் திடீரென நின்றுவிடாதிருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் சிப் வேகத்தைக் குறைத்திருந்ததை அவ்வருடம் டிசெம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. பாவனையாளருக்கு அறிவிக்காமல் இதைச் செய்தமைக்காகப் பிரான்ஸ் 2020 பெப்ரவரியில் 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. புதிய பற்றரி போட்டவுடன் அந்தப் பழைய போன்கள் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற்றன.

சார்ஜ் 30 சதவீதத்தில் இருக்கும்போதே போன் அணைவது, அழைப்பின் நடுவே எண்ணிக்கை சடுதியாகச் சரிவது, போனின் முதுகு உப்புவது ஆகியன பற்றரி முடிந்ததன் அறிகுறிகள். இவற்றுள் உப்பியது ஆபத்தானது. அதை உடனே பாவனையிலிருந்து எடுக்க வேண்டும். மாற்றுப் பற்றரியின் செலவு புதிய போனின் விலையில் சிறு பங்கு. ஆனால் தரமற்ற பற்றரி சில மாதங்களில் அதே நிலைக்கு வந்துவிடும் என்பதால், போன் திருத்தும் கடையில் மலிவைவிட உத்தரவாதமே கேட்கப்பட வேண்டியது.

நான்காம் குறை: காலம் கடந்த போன்

முதல் மூன்றும் இல்லாமலும், சிப்போ மென்பொருளோ காலங்கடந்து ஒரு போன் பாவிக்க முடியாததாகலாம். 2025 ஜனவரி 1 முதல் அன்ட்ரொய்ட் 4.4 பதிப்பில் இயங்கும் போன்களில் வட்ஸ்அப் வேலைசெய்வது நின்றது. வெளிநாட்டு உறவோடு பேசும் வழியே வட்ஸ்அப் என்றாகிவிட்ட குடும்பத்துக்கு அது போனே நின்றதற்குச் சமம். வங்கிச் செயலிகள் இன்னும் முன்னதாகவே பழைய பதிப்புகளைக் கைவிடுகின்றன. பாதுகாப்பு அப்டேட் நின்ற போன் தொடர்ந்து இயங்கும். ஆனால் அதில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஒவ்வொரு மாதமும் ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே போன் வாங்கும்போது சிப்பின் வேகத்துக்கு இணையாக விசாரிக்க வேண்டியது அப்டேட் கிடைக்கும் ஆண்டுக்கணக்கு. 2023இல் வந்த கூகுள் பிக்ஸல் 8க்கும் 2024இல் வந்த சாம்சங் கலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் என உறுதியளிக்கப்பட்டது. 2024 இறுதியில் வந்த மலிவு விலைக் கலக்ஸி ஏ16 5ஜிக்கு அது ஆறு ஆண்டுகள். வேறு பல மலிவு போன்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே கிடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், ஒரு மொடலின் விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் கிடைக்க வேண்டும் என விதித்துள்ளது. அங்கிருந்து உறவினர் வாங்கிவரும் போன்களுக்கு இதன் பயன் ஓரளவு வந்துசேரும்.

தொழிலும் தேவையும்

கேரளக் கடலோரத்தில் 1997க்கும் 2001க்கும் இடையில் கையடக்கத் தொலைபேசி பரவியதன் விளைவை பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கரைக்கு வருமுன்பே எந்தச் சந்தையில் என்ன விலை என்று கேட்டறிந்த மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. மீன் விலைபோகாமல் வீணாவது ஏறத்தாழ இல்லாமற்போனது. அன்றைய போன்கள் பெரும்பாலும் பேசுவதற்கே உதவியவை. போன் இல்லாத நிலையிலிருந்து போன் உள்ள நிலைக்கு வரும் தாவல் தந்த நன்மை அது. ஒரு மொடலிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதால் அப்படியான நன்மை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகும் மீனவருக்குத் தேவையான இடங்காட்டி, ரவர் எட்டாத கடலிலும் செய்மதியிலிருந்து நேராகச் சிக்னலைப் பெறும். அதைப் பழைய போனும் செய்யும். அவருக்கு வேகத்தைவிட உப்புநீர் புகாத உறை முக்கியம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் விவசாயிக்கு வேண்டியவை நீண்டநேரம் தாங்கும் பற்றரியும் வெயிலில் தெரியும் திரையும். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்களிலும் 2021இல் உருவான வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் மாணவருக்கு ராமும் சேமிப்பகமும் உண்மையிலேயே பயன்படும்; அவர்களில் பலருக்கு அதே பணத்தில் பாவித்த மடிக்கணினி கூடுதலாக உதவும். கலியாண வீடுகளில் படமெடுத்து வாழ்பவருக்கோ, காணொளி தொகுத்து வெளியிடுபவருக்கோ வேகமான சிப் தொழிற்கருவி. அதற்கான செலவு வருமானத்தில் திரும்பும்.

அரச சேவைகளும் எல்லோரையும் புதிய போனுக்குத் தள்ளவில்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் முறை வந்தபோது, குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுசென்றாலே பெற்றோல் கிடைத்தது.

விலையின் கணக்கு

போன் முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். அதன் விலையை டொலரும் வரியும் தீர்மானிக்கின்றன. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, போன் உட்பட அவசரமற்ற பொருள்களின் இறக்குமதிக்கு முழுத்தொகையையும் முன்கூட்டியே வைப்பிடப் பணித்தது. 2022 மார்ச் வரை ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 200 டொலர் போனின் இறக்குமதி விலை 40,600 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவானது. பின்னர் டொலர் 300 ரூபாவளவில் நிலைகொண்டாலும், 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த போன்களுக்கும் விதிக்கப்பட்டது. 60,000 ரூபாப் பொருள் வரியோடு மீண்டும் 70,800 ரூபாவாகிறது.

72,000 ரூபாப் போனை இரண்டு வருடம் பாவித்தால் மாதத்துக்கு 3,000 ரூபா செலவாகிறது. நான்கு வருடம் பாவித்தால் 1,500. ஆறு வருடம் பாவித்தால் 1,000. வன்னியில் இதை மாதச் சம்பளக்காரரைப் போல எல்லோராலும் கணக்கிட முடியாது. நெற்காரரின் பணம் காலபோக அறுவடையோடு மாசி, பங்குனியில் வருகிறது. கையில் பணம் புழங்கும் அந்த மாதங்களில் எடுக்கும் முடிவு அடுத்த விதைப்புச் செலவைத் தின்றுவிடலாம். நகையை அடைவு வைத்தோ தவணைக்கோ வாங்கும்போது விலையே மாறிவிடுகிறது. 72,000 ரூபாவுக்குப் பதிலாக மாதம் 7,500 வீதம் 12 தவணை கட்டினால் மொத்தம் 90,000. மேலதிகம் 25 சதவீதம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. நுண்நிதிக் கடன்களின் சுமையை அறிந்த வட மாகாணத்தில் இந்தக் கணக்கு புதிதன்று. போன் கடையில் மட்டும் அது அடிக்கடி மறந்துபோகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் போனும் பாவித்த போனும்

ஊருக்கு வரும் உறவினர் கொண்டுவரும் போன் வன்னியில் பலரது மாற்றத்துக்கு வழி. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்ஈஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண் இருக்கிறது. *#06# அழுத்தினால் தோன்றும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியற்ற கருவிகளுக்கு 2025 ஜனவரி 28 முதல் உள்ளூர் வலையமைப்புகளில் சேவை கிடைக்காது எனவும், அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்கு இது பொருந்தாது எனவும் அறிவிக்கப்பட்டது. ஆங்கில எழுத்தில் ஐஎம்ஈஐ என்று எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவு நிலை தெரியவரும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. கனடாவில் 2017 டிசெம்பர் முதலும், பிரித்தானியாவில் 2021 டிசெம்பர் முதலும், ஒரே நிறுவனத்தோடு பூட்டப்பட்ட போன்களை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் அவை இன்னும் விற்பனையாகின்றன. அங்கு விற்கப்படும், 2022இல் வந்த ஐபோன் 14 முதலான மொடல்களில் சிம் போடும் துளையே கிடையாது. அவற்றுக்கு இ-சிம் பெற வேண்டும்.

பாவித்த போன் வாங்குவதில் இலாபம் அதிகம், பொறியும் உண்டு. முந்தைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்படாதிருந்தால், மீளமைத்தவுடன் போன் பூட்டிக்கொண்டு பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். திருடப்பட்ட போன்கள் பிடிபடுவதும் இப்படித்தான். விற்பவர் முன்னிலையிலேயே கணக்கை நீக்கி, மீளமைத்து, சிம் போட்டு அழைத்துப் பார்த்த பின் பணம் கொடுப்பது வழக்கமாக வேண்டும். இரண்டு வருடம் பழைய உயர்தர மொடல், அதே விலையில் கிடைக்கும் புதிய மலிவு மொடலைவிடப் பெரும்பாலும் வேகமானது. எஞ்சியுள்ள அப்டேட் காலமும் பற்றரியின் நிலையும் சரியாக இருந்தால் அதுவே நல்ல கொள்முதல்.

பழைய போன்

வன்னி வீடுகளில் புதிய போன் வந்தாலும் பழையது ஓய்வுபெறுவது அரிது. அது தம்பியின் பாடத்துக்கோ, கனடாவிலிருக்கும் மகனை அம்மம்மா திரையில் பார்ப்பதற்கோ கைமாறுகிறது. ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம வெளியேற்றத்தின் மிகப் பெரும் பங்கு தொழிற்சாலையிலேயே நிகழ்ந்துவிடுவதால், இந்தக் கைமாற்றம் சுற்றுச்சூழலுக்கும் நல்லது. 2022இல் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி தொன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே. கைமாற்றும் முன் தரவுகளை அழித்து, புதிய பற்றரி போட்டு, அப்டேட் நின்றிருந்தால் வங்கிச் செயலிகளை நீக்கிவிட வேண்டும். அதற்கும் உதவாத போனைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக்கூடாது. பற்றரி தீயில் வெடிக்கும், புகையும் நஞ்சு. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ உதிரிப்பாகம் எடுக்கும் திருத்தகத்திலோ அதைச் சேர்ப்பதோடு அந்தப் போனின் கணக்கு முடிகிறது.